சம்பந்திகள் செய்த விளக்கு

குடைக்காரம்மாவுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. ஊசியில் நூலைக் கோத்துவிட்டால், துணி தன் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று நினைப்பவள். குடைக் கம்பெனியில் தையல் பிரிவையே கட்டி மேய்த்தவள். கம்பெனி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தபோது, "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று முதலாளியையே வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்தும் சும்மா உட்காரவில்லை. தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் வாசலிலும் தொங்கவிடுகிற விளக்குகளுக்குத் துணியில் கூடு தைக்க ஆரம்பித்தாள்.

"வெளியில தொங்கற விளக்குக்குத் துணியா? மழை வந்தா?" என்று கேட்காத ஆளில்லை.

"குடை எதுல செய்யறாங்க? தகரத்துலயா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

விஷயம் இதுதான். பல்பு நனையக்கூடாது. அதற்கு ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய கண்ணாடிக் குப்பி இருக்கிறது. துணி தாராளமாக நனையலாம். விழுந்த தண்ணீர் நிற்காமல் ஓடிவிட்டால் போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். மழைக்குப் பயந்து எல்லாப் பக்கமும் அடைத்துத் தைத்தால்தான் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே அவள் வெயிலுக்கு வெளுக்காத விறைப்பான துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, மேல்பட்டையின் விளிம்பு கீழ்ப்பட்டையின் தலையை மூடுகிற மாதிரி, கூரைக்கு ஓடு வேய்வதுபோல அடுக்கித் தைத்தாள். விளக்கைப் போட்டால் ஒவ்வொரு மடிப்புக்கு அடியிலிருந்தும் மெல்லிய வெளிச்சம் கசியும். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கிறவர்கள் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள்.

உள்ளே இருக்கிற கம்பிக் கூடும் மின்சார வேலையும் சம்பந்தியம்மாளுடையது. குடைக்காரம்மாவின் மகளைக் கட்டிய மாப்பிள்ளையைப் பெற்றவர் அவர். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற கடையைப் பல காலம் தனியாளாக நடத்தியவர். அவர் கம்பியை வளைத்து வளையமாக்கி முனைகளைப் பற்றவைத்தால், எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று விரலால் தடவினாலும் தெரியாது. கடையை விட்டபிறகு அவருக்கும் கை அரித்துக்கொண்டிருந்தது. "சம்பந்தி, உங்க துணிக்குள்ள என் கம்பியை வெச்சா என்ன?" என்று ஒரு நாள் அவர் கேட்டதில் பிறந்ததுதான் இந்தத் தொழில். பிள்ளைகள் வீட்டில் கார் ஷெட் காலியாகக் கிடந்தது. காரே இல்லாத வீட்டுக்குக் கார் ஷெட் எதற்கு? தையல் மெஷினும் பற்றவைக்கிற மேசையும் அங்கே குடியேறின.

குடியேறிய அன்றே மகள் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, உன் வாய் எனக்குத் தெரியும். அத்தைகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாத. நீ பாட்டுக்குச் சொல்லிட்டுக் கிளம்பிடுவ. வீட்டுக்குள்ள இருக்கப்போறது நான்."

இந்த ஒரு வார்த்தைக்குக் குடைக்காரம்மா கட்டுப்பட்டாள். கம்பெனியில் அவள் முகம் சுளித்தாலே ஒரு வரிசை நடுங்கும். அப்பேர்ப்பட்டவள் ஷெட்டுக்குள் நுழைந்தால் வாயிலிருந்து தேன்தான் ஒழுகும். "கம்பி அழகா வந்திருக்கு சம்பந்தி" என்பாள். "உங்க தையலுக்கு முன்னாடி இதெல்லாம் எந்த மூலைக்கு சம்பந்தி?" என்பார் அவர். ஒரு தடவை கம்பிக்கு அடித்த பெயின்ட் மெல்லியதாக இருந்தது. பற்றவைத்த இடத்தில் துரு வரும் என்று குடைக்காரம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு "அருமை" என்றாள். வீட்டுக்குப் போய்த் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டாள்.

இப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கார் வாங்கினார்.

"ஒண்ணும் அவசரமில்ல அத்தை. அடுத்த மாசம்தான் வருது. மெஷினை மாடிப்படிக்குக் கீழ வெச்சுக்கலாம். நீங்களும் அம்மாவும் எத்தனை நாளைக்குத்தான் இப்படிக் கஷ்டப்படுவீங்க?" என்றார் மிகுந்த அன்போடு.

கஷ்டப்படுகிறார்களாம்! குடைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. மாடிப்படிக்குக் கீழே போன மெஷினின் கதி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? மேலே பழைய பேப்பர் ஏறும், அதற்கு மேலே அயர்ன் பண்ணவேண்டிய துணி ஏறும், அதோடு கதை முடிந்துவிடும். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை இருந்த இடம் காலியாக இருந்தது. கண்ணாடி முகப்பும் உயரமான கூரையுமாக, விளக்குகளைத் தொங்கவிடுவதற்கென்றே கட்டிய மாதிரி. பெரிய ஆர்டர் ஒன்று கைக்கு வந்தால் அந்த இடத்தை எடுத்துவிடலாம் என்று சம்பந்திகள் இருவரும் பேசிவைத்திருந்தார்கள். வராவிட்டால் மாடிப்படிதான்.

பெரிய ஆர்டர் பாதி வந்தது. ஆற்றோரத்தில் ஒரு ஓட்டல், வெட்டவெளித் தோட்டத்தில் மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறத் தயாராகிக்கொண்டிருந்தது. தோட்டத்தை வடிவமைத்த டிசைனர் பெண் இவர்கள் செய்த விளக்கு ஒன்றை யார் வீட்டு மாடியிலோ பார்த்துவிட்டு ஷெட்டுக்கே தேடி வந்துவிட்டாள்.

"இதே துணி, இதே மடிப்பு. ஆனா கூம்பு மாதிரி வேண்டாம். மேலயும் கீழயும் ஒரே அளவா, டிரம் மாதிரி நேரா இருக்கணும். மூணு செஞ்சு குடுங்க. ஒரு மழை அடிக்கட்டும். தாங்கிடுச்சுன்னா தோட்டம் முழுக்க உங்க விளக்குதான்."

கூட வந்த ஓட்டல் மேனேஜருக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. "பிளாஸ்டிக் உருண்டை வாங்கி மாட்டினா, துடைச்சா வேலை முடிஞ்சது" என்று முணுமுணுத்தார்.

"ஓட்டலுக்கு வர்றவங்க பிளாஸ்டிக்கையா பார்க்க வர்றாங்க? மழையை வரச் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள் குடைக்காரம்மா.

மூன்று கூடுகளையும் அவள் தைத்த அழகே தனி. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். குடைக்குத் துணி கட்டுகிறபோது அவள் கம்பெனியில் குடையைக் கவிழ்த்துப் போட்டு, கைப்பிடி மேலே பார்க்க வைத்துக்கொண்டுதான் கம்பியில் துணியைப் பிடிப்பார்கள். குடைக்காரம்மாவுக்கு அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. விளக்குக் கூட்டையும் கவிழ்த்துப் போட்டுத்தான் தைப்பாள், கவிழ்த்தபடியேதான் சம்பந்தியின் மேசையில் கொண்டுபோய் வைப்பாள். இதுவரை செய்ததெல்லாம் கூம்பு. குறுகலான பக்கம் மேல்பக்கம் என்று யாருக்கும் தெரியும். சம்பந்தி அதைத் திருப்பி வைத்து, கொக்கியில் தொங்கிப் பல்பைத் தாங்குகிற வளையத்தை மேல்பக்கத்தில் மாட்டுவார். இந்த டிரம்முக்கோ இரண்டு பக்கமும் ஒன்று. மேசையில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கத்திலேயே சம்பந்தி வளையத்தை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை குடைக்காரம்மா ஷெட்டுக்குள் நுழைந்தபோது மூன்று விளக்குகளும் கொக்கியில் தொங்கி எரிந்துகொண்டிருந்தன. மடிப்புகள் அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்த்தன.

ஓட்டைத் தலைகீழாக வேய்ந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு மடிப்பும் ஒரு பை. மழை பெய்தால் பைகள் நிறையும்.

"எப்படி இருக்கு சம்பந்தி?" என்று கேட்டார் சம்பந்தி. வழக்கமான உற்சாகம் குரலில் இல்லை.

சொல்ல வாயெடுத்தாள். மகளின் முகம் கண்முன் வந்து நின்றது. வெளிச்சம் மேலே போகட்டும் என்று டிசைனர் சொல்லியிருப்பாளோ? மின்சாரம் தெரிந்தவர், காரணம் இல்லாமலா மாட்டியிருப்பார்? இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதில் ஒன்றைக்கூட அவளே நம்பவில்லை.

"பிரமாதம் சம்பந்தி."

"ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க..." என்று சம்பந்தி இழுத்தார்.

"சேச்சே! நீங்க மாட்டினா சரியாத்தான் இருக்கும்."

வாழ்க்கையில் முதல்முறையாக, தப்பு என்று தெரிந்த ஒரு பொருளைக் குடைக்காரம்மா தன் கையால் பொட்டலம் கட்டி அனுப்பினாள். அன்று முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் நீலமாக இருந்தது. மழையை வரச் சொல்லுங்கள் என்று சவால் விட்ட வாய், இப்போது வராமல் இருக்கவேண்டுமே என்று முணுமுணுத்தது.

மழை வந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல வெயிலும் அடித்தது. கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து போன்.

"அம்மா, உங்க விளக்கு குளமாயிடுச்சு. வந்து எடுத்துட்டுப் போங்க."

இருவரும் ஒரு வாடகை வண்டியைப் பிடித்துப் போனார்கள். தோட்டத்தில் மூன்று விளக்குகளும் பாரத்தில் சாய்ந்து தொங்கின. மடிப்புக்கு மடிப்பு தண்ணீர். ஒன்றின் மேல்மடிப்பில் ஒரு குருவி உட்கார்ந்து, தனக்காகவே கட்டிவிட்ட தொட்டி என்று நினைத்தோ என்னவோ, சிறகைப் படபடவென்று அடித்துக் குளித்துக்கொண்டிருந்தது. அதன் சந்தோஷத்தைப் பார்க்கக் குடைக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான்தான் சொன்னேனே" என்றார் மேனேஜர். டிசைனர் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தப்பு என்னோடதுதாங்க" என்றார் சம்பந்தி.

"இல்லல்ல, என் தப்பு. சம்பந்தி மேல ஒண்ணுமில்ல" என்றாள் குடைக்காரம்மா.

"அவங்க பெருந்தன்மைக்குச் சொல்றாங்க. நான்தான்..."

"ஐயோ, அவங்க வேலையில குத்தமே வராது. நான்தான்..."

டிசைனர் பெண் இதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். "யார் தப்புன்னு எனக்கு வேண்டாம். என்ன தப்புன்னு சொல்லுங்க. சொல்லத் தெரியலைன்னா அதைச் சரிபண்ணவும் உங்களால முடியாது. நான் பிளாஸ்டிக்குக்கே சரின்னு சொல்லிடறேன்."

குடைக்காரம்மா விளக்குகளைப் பார்த்தாள். கண்ணாடி முகப்பு வைத்த கடை கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. தெரியாமல் தோற்றால்கூட மனசு ஆறும். தெரிந்ததைச் சொல்லாமல் தோற்பதா? மகளே, என்னை மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சம்பந்தி, விளக்கைத் தலைகீழா மாட்டிட்டீங்க."

சம்பந்தியின் புருவம் மேலே ஏறியது. "நான் தலைகீழா மாட்டினேனா? நீங்க தலைகீழா குடுத்தீங்க! மேசைல எது மேல இருக்கோ அதுலதானே வளையம் மாட்டுவேன்?"

"நான் எப்பவும் கவிழ்த்துப் போட்டுத்தான் தைப்பேன். குடையெல்லாம் அப்படித்தான் தைக்கறது."

"கூம்புன்னா குறுகல் பக்கத்தைப் பார்த்துத் திருப்பிக்குவேன். டிரம்முல எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன குடைக்குள்ளயா பொறந்தேன்?"

"மடிப்பு மேல பார்த்துச்சே, அதுகூடவா தெரியல?"

"தெரிஞ்சுதே! நல்லாவே தெரிஞ்சுது. நீங்க பெரிய தையல்காரி, ஏதோ காரணத்தோடதான் தெச்சிருப்பீங்கன்னு பேசாம இருந்தேன். ஏதாவது மாத்தணுமான்னு வாயைத் தொறந்து கேட்டேன். நீங்கதானே சேச்சேன்னீங்க?"

"நானும் பார்த்தேன். நீங்க மின்சாரம் தெரிஞ்சவங்க, காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

"பார்த்தீங்களா? பார்த்துட்டா பிரமாதம்னீங்க?"

"பின்ன என்ன சொல்றது? உங்களை ஒண்ணு சொல்லிட்டா, வீட்ல என் பொண்ணு இல்ல மாட்டிக்குவா?"

"ஏன், நான் அவளைக் கடிச்சா தின்னுடுவேன்? என் பையன்தான், 'அத்தையை ஒரு வார்த்தை சொல்லிடாதேம்மா, நான் வீட்ல குடித்தனம் பண்ணணும்'னு என் வாயைக் கட்டிப் போட்டிருக்கான்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து இரண்டு அம்மாக்களையும் ஊமையாக்கிய குட்டு அங்கே உடைந்தது. அடைத்துவைத்ததெல்லாம் அதற்குப்பிறகு நிற்குமா?

"அப்ப இதையும் கேளுங்க. போன தடவை கம்பிக்கு அடிச்ச பெயின்ட் தண்ணி மாதிரி இருந்துச்சு. பத்தவெச்ச இடத்துல துரு ஏறப்போகுது" என்றாள் குடைக்காரம்மா.

"நீங்களும் கேட்டுக்கோங்க. அடிவிளிம்பை இவ்வளவு அகலமா மடிச்சுத் தெச்சா அதுல தண்ணி தங்காம என்ன பண்ணும்? நேரா மாட்டினாலும் அங்க தங்கத்தான் போகுது."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க துருவைச் சொன்னீங்களா?"

குரல் உயர உயர, மேனேஜர் பின்வாங்கிப் போய் யாருக்கோ போன் போட்டார். குருவி பறந்தே போய்விட்டது. டிசைனர் பெண் மட்டும் கிட்டே வந்தாள். அவள் கண்ணில் இப்போதுதான் உயிர் வந்திருந்தது.

"நிறுத்தாதீங்க. இப்பதான் எனக்கு வேண்டியதெல்லாம் வெளிய வருது" என்றாள்.

சம்பந்தியின் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். ஒரு விளக்கை இறக்கி, தண்ணீரைக் கொட்டி, சாப்பாட்டு மேசையிலேயே வைத்து வளையத்தைக் கழற்றினார். "இந்தப் பக்கந்தானே? இப்பவாவது வாயைத் தொறந்து சொல்லுங்க." "இந்தப் பக்கந்தான்" என்றாள் குடைக்காரம்மா. சம்பந்தி வளையத்தை மாட்டி முடிப்பதற்குள், அவள் ஓட்டல் சமையலறையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை வாங்கி வந்து, அடிவிளிம்பு மடிப்பில் அங்கங்கே தையலை வெட்டித் தண்ணீருக்கு வழிவிட்டாள். சம்பந்தி சொன்னது சரி. அதை ஒப்புக்கொள்வது அவளுக்கு அப்படியொன்றும் கசக்கவில்லை.

விளக்கை மறுபடி கட்டித் தொங்கவிட்டார்கள். "மழைக்கு எங்க போறது?" என்றார் மேனேஜர்.

"செடிக்குத் தண்ணி எதுல விடறீங்க?" என்றாள் குடைக்காரம்மா.

மேனேஜரே குழாயைப் பிடித்தார். மனுஷர் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. மேலேயிருந்து அடித்தார், பக்கத்திலிருந்து அடித்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடியும் அடித்தார். தண்ணீர் பட்டைக்குப் பட்டை வழிந்து இறங்கி, அடியில் சொட்டி ஓடிப்போனது. ஒரு மடிப்பிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. குழாயை மூடியதும் சம்பந்தி ஸ்விட்சைப் போட்டார். நனைந்த துணியில் வெளிச்சம் இன்னும் ஆழமாக ஊறி வந்தது. பிளாஸ்டிக் உருண்டையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

"என் ஆளுங்க யாராவது கழட்டித் துடைச்சுட்டு மறுபடி தலைகீழா மாட்டிட்டா?" என்று கேட்டார் மேனேஜர். நியாயமான கேள்விதான்.

"கூட்டோட மேல்பக்கம் மட்டும் ஒரு கம்பி குறுக்க விட்டு, பல்பு வளையம் அதுல மட்டும் உட்கார்ற மாதிரி பண்ணிடறேன். மாத்தி மாட்டணும்னு நினைச்சாலும் மாட்ட முடியாது" என்றார் சம்பந்தி.

"தோட்டம் முழுக்கப் போட்டுடலாம்" என்றாள் டிசைனர் பெண். மேனேஜர் ஈரச் சட்டையோடு தலையாட்டினார்.

வீட்டு வாசலில் மகளும் மாப்பிள்ளையும் வெளிறிய முகத்தோடு நின்றார்கள். மேனேஜர் போன் போட்டது மாப்பிள்ளைக்குத்தான். உங்கள் இரண்டு அம்மாக்களும் இங்கே அடித்துக்கொள்ளப் போகிறார்கள், வந்து பிரித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தாராம்.

"என்னம்மா பண்ணிட்டு வந்த?" என்றாள் மகள், அழுகிற குரலில்.

"சண்டை போட்டுட்டு வந்தேன்."

"அத்தையோடயா?"

"வேற யாரோட? ஆர்டர் கிடைச்சாச்சு."

சம்பந்தி வண்டியிலிருந்து விளக்குகளை இறக்கிக்கொண்டே மகனைப் பார்த்தார். "டேய், உன் காரைத் தாராளமாக் கொண்டாந்து நிறுத்திக்கோ. நாங்க தெருமுனைக் கடைக்குப் போறோம்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. மகள் மாமியாரின் பக்கத்தில் போய், "அத்தை, அம்மா ஏதாவது தப்பாப் பேசியிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"பேசினாங்கதான். எனக்குக் கோவம்தான். அதுக்கென்ன இப்ப? நாளைக்கும் பேசுவாங்க, நாளைக்கும் கோவம் வரும். நீ இந்தப் பக்கம் பிடி, கம்பி வளைஞ்சுடப் போகுது" என்றார் சம்பந்தி.

அந்த மாதமே மெஷின் தெருமுனைக்குப் போனது. கண்ணாடி முகப்புக்குள் இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாய் ஓயாமல் வாதாடுவதை அந்தத் தெரு வேடிக்கை பார்த்துக்கொண்டு போகப் பழகிவிட்டது. ஓட்டலுக்கான முதல் கூட்டைத் தைத்து முடித்துக் குடைக்காரம்மா சம்பந்தியின் மேசைமேல் வைத்தாள். சம்பந்தி அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். உள்ளே ஒரு பல்பைப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மூணாவது பட்டை கோணல் சம்பந்தி. பிரிச்சுத் தைங்க."

குடைக்காரம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. என் தையலில் கோணலா? கம்பெனியில் இருந்தவரை அவளிடம் இப்படிச் சொல்ல யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கோ நேருக்கும் கோணலுக்கும் வித்தியாசம் தெரியாது. விறுவிறுவென்று எழுந்துபோய்க் குனிந்து பார்த்தாள். கோணல்தான். ஒரு நூல் அளவு கோணல். அதைக் கண்டுபிடிக்கிற கண் ஒன்று இத்தனை நாளும் எதிரிலேயே உட்கார்ந்து, "அருமை, அருமை" என்று வீணாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எத்தனையோ காலத்துக்குப்பிறகு தனக்குச் சமமாக ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

"இதெல்லாம் ஒரு கோணலா? கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்று சண்டை பிடித்துக்கொண்டே, அவள் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.